பிராக்கில் ‘கோலெம்’ நாவல் வழி நடை: புதிதாகப் போகிறவர்களுக்கு

சனிக்கிழமை வேண்டாம். வேறெதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் மனதில் வையுங்கள். பிராக் நகரின் பழைய யூதப் பகுதியான யோசெபோவில் இந்த நடைக்கு உயிரான இடங்கள் எல்லாமே சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் பூட்டிக் கிடக்கும். வார இறுதிக்கு என்று பிராக் வந்து, சனிக்கிழமை காலையில் கல்லறை மதிலுக்கு வெளியே நின்று கேமராவைத் தூக்கிப் பிடிப்பவர்களை வாராவாரம் பார்க்கலாம்.

குஸ்டாவ் மைரிங்க் ஜெர்மன் மொழியில் எழுதி 1915-இல் நூலாக வந்த ‘கோலெம்’ நாவலைப் பின்பற்றி நடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விசாவில் தொடங்கி, நாவலில் வரும் ‘கடைசி விளக்கின் மதில்’ என்ற வீடு வரை வரிசையாகப் போவோம்.

1. முதலில் புத்தகம், பிறகு பயணச்சீட்டு

கோலெம் என்று பிராக்கில் மூன்று உருவங்கள் உலவுகின்றன. இவற்றைக் குழப்பிக்கொண்டால் நடையில் பாதி புரியாது.

முதலாவது மக்கள் சொல்லும் கதை. 1609-இல் மறைந்த யூத மதகுரு ராபி லோவ் ஆற்றங்கரைக் களிமண்ணில் ஓர் ஆளைப் பிசைந்து, வாயில் இறைவன் பெயர் எழுதிய சீட்டை வைத்து உயிர் கொடுத்தார். யூதர்களின் சனிக்கிழமை ஓய்வுநாள் தொடங்கும் முன் சீட்டை எடுத்துவிடுவார். ஒருநாள் மறந்தார், அது வெறிபிடித்து அலைந்தது.

இரண்டாவது மைரிங்க் எழுதியது. இந்தக் கோலெம் யாருக்கும் வேலைக்காரனும் இல்லை, காவலனும் இல்லை. ஏறத்தாழ 33 ஆண்டுக்கு ஒருமுறை யூதப் பகுதியின் சந்துகளில் தோன்றும் ஓர் அந்நியன். மஞ்சள் பூத்த, தாடியில்லாத முகம், பழங்காலத்து உடை, எந்த நொடியும் முன்னால் விழுந்துவிடுவான் போன்ற நடை. நுழைவழியே இல்லாத ஓர் அறையில்தான் அவன் இருப்பதாகச் சொல்கிறார்கள். மூன்றாவது, நினைவுப் பொருள் கடைகளில் விற்கும் குண்டுக் களிமண் பொம்மை. அதன் வேர் சினிமாவில் இருக்கிறது. நாவலில் தேடினால் கிடைக்காது.

நாவல் கடினமானது. கல் செதுக்கும் கைவினைஞன் பெர்நாத்தின் கதையா, அவன் தொப்பியைத் தவறுதலாக எடுத்துவந்த வேறொருவனின் கனவா என்று கடைசிவரை உறுதியாகத் தெரியாது. முழுதும் படிக்க நேரமில்லை என்றால் ‘பிராக்’, ‘பஞ்ச்’ (மதுபான வகை), ‘ஆவி’, ‘முடிவு’ என்ற பொருள்படும் தலைப்புகளைக் கொண்ட நான்கு அத்தியாயங்களையாவது படியுங்கள். பொம்மலாட்டக்காரன் ஸ்வாக் கோலெம் கதையைச் சொல்வது ‘பஞ்ச்’ அத்தியாயத்தில். கதவில்லாத அறை ‘ஆவி’யில். ஜெர்மன் மூலம் பதிப்புரிமை காலாவதியாகி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்புகளும் உண்டு. முதல் பக்கத்திலேயே புத்தர் வாழ்க்கையில் வரும் காகமும் கொழுப்புத் துண்டு போலிருந்த கல்லும் வந்து நிற்கும். நம்மூர் வாசகருக்கு அந்த இடம் சட்டென்று பிடிபடும்.

2. விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) குறுகியகால விசா தேவை. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நார்வே போன்ற ஷெங்கன் நாடுகளின் வதிவிட அனுமதி இருந்தால் தனி விசா வேண்டாம். கடவுச்சீட்டும் அந்த அட்டையும் கையில் இருந்தால் போதும். பிரிட்டனில் வசிக்கும் அனுமதி மட்டும் இருந்தால் அது போதாது, விசா எடுத்தே ஆகவேண்டும். பிரிட்டன், கனடா, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டுக்காரர்கள் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பிராக், வியன்னா, புடாபெஸ்ட் மூன்றையும் சேர்த்துப் போனால், அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இரவுகள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. பிராக்கில் இரண்டு இரவு, வியன்னாவில் நான்கு இரவு என்று காட்டிவிட்டு செக் விசா கேட்டால் நிராகரிக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி.

தேவையானவை:

- கடவுச்சீட்டு: திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும், கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமாவது வேண்டும்.
- 35-க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம்.
- குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு. எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் செல்ல வேண்டும், நுழையும் நாள் முதல் கிளம்பும் நாள் வரை ஒரு நாளும் விடுபடக் கூடாது.
- விமான, விடுதி முன்பதிவு.
- வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, வேலையிடத்து விடுப்புக் கடிதம்.
- நாள்வாரியாகப் பயணத் திட்டம் எழுதிய முகப்புக் கடிதம்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. நிராகரித்தாலும் எதுவும் திரும்பாது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், 45 நாள் வரையும் இழுக்கலாம். கோடை விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு விண்ணப்பத்தைவிட நேர ஒதுக்கீடு கிடைப்பதுதான் பெரிய பாடு. இரண்டரை, மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

நடைக்கான முன்பதிவை விசாவுக்கு யாரும் கேட்பதில்லை. பணம் திரும்பாத நடைச் சீட்டை விசா வரும் முன் வாங்காதீர்கள்.

3. எந்த நாள், எந்த மாதம்

சனி ஒழிந்தது. வெள்ளிக்கிழமை போனால் காலையிலேயே முடியுங்கள். ஓய்வுநாள் சூரியன் சாயும்போது தொடங்குவதால் பழைய-புதிய சினகாக் (யூத வழிபாட்டுக் கூடம்) முன்னதாகவே மூடிவிடும். குளிர்காலத்தில் அது பிற்பகல் நடுவிலேயே நடந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை யோசெபோவுக்கு ஏற்ற நாள். ஆனால் பிராக் கோட்டையிலுள்ள புனித விடுஸ் பேராலயம் ஞாயிறு காலையில் வழிபாட்டுக்கு மட்டும். பார்வையாளர்கள் நண்பகலுக்குப் பிறகுதான் நுழையலாம். திங்கள் முதல் வியாழன் வரை எந்தச் சிக்கலும் இல்லை.

செப்டம்பர், அக்டோபரில் யூதப் புத்தாண்டு, யோம் கிப்பூர், சுக்கோத் என்று வரிசையாக விடுமுறை வரும். ஏப்ரல் வாக்கில் பாஸ்கா. நம் தீபாவளி போலவே இவை ஆண்டுதோறும் இடம் மாறும். விமானச்சீட்டு எடுக்கும் முன் யூத அருங்காட்சியகத் தளத்தில் மூடும் நாட்களைப் பாருங்கள்.

நாவலின் மூட்டமும் ஈரமும் வேண்டுமென்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கூட்டமும் குறைவு. ஆனால் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். யூத அருங்காட்சியகம் 4:30-க்கும் கோட்டைக் கட்டடங்கள் 4 மணிக்கும் மூடும். இரண்டையும் ஒரே நாளில் அடக்கப் பார்க்காதீர்கள். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை முறையே 6 மணி, 5 மணி வரை நேரம் கிடைக்கும். காலையில் 9 மணிக்குக் கிளம்பினால் ஒரே நாளில் முடிக்கலாம், கால்தான் கெஞ்சும்.

4. வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

சந்தையில் மூன்று வகை நடைகள் இருக்கின்றன. ‘இலவச நடை’ என்பது கடைசியில் அன்பளிப்பு எதிர்பார்க்கும் நடை. பெரிய கூட்டம், உள்ளே எங்கும் போக மாட்டார்கள். இரவுப் பேய் நடையில் விளக்கும் கறுப்பு அங்கியும் இருக்கும், நாவல் இருக்காது. இலக்கிய நடையை நடத்துகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் தனி வழிகாட்டியாகத்தான் கிடைப்பார்கள். குழு நடைக்குத் தலைக்குச் சில நூறு கொருனா (செக் நாணயம்) போதும். தனி வழிகாட்டிக்குச் சில ஆயிரம் ஆகும். நான்கு பேர் சேர்ந்தால் தனி வழிகாட்டியே லாபம்.

பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை:

- சினகாக், கல்லறைக்குள் வருவீர்களா, வாசலில் நின்றுவிடுவீர்களா?
- நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா?
- வழிகாட்டி அடையாள அட்டை இருக்கிறதா? செக் சட்டப்படி வழிகாட்டிகள் அட்டையை வெளியே தெரியும்படி அணிய வேண்டும்.
- நாவலில் கோலெம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்?

கடைசிக் கேள்விக்கு 33 என்று பதில் வராவிட்டால், அவர் சொல்லப்போவது ராபி கதை மட்டுமே. அதுவும் கேட்கத் தகுந்ததுதான், ஆனால் இலக்கிய நடைக்கான விலையைக் கொடுக்காதீர்கள். இன்னொரு உரைகல்லும் உண்டு. பழைய நகரச் சதுக்கத்து வானியல் கடிகாரத்தைச் செய்தவர் ஹனுஷ் என்பவர், அவர் கண்ணை நகரசபை குருடாக்கியது என்பது புகழ்பெற்ற கட்டுக்கதை. 1410-இல் அதைச் செய்தவர் கடான் ஊர் மிக்குலாஷ். ஹனுஷ் கதையைக் கதையென்று சொல்லிவிட்டுச் சொல்பவர் நல்ல வழிகாட்டி.

வழிகாட்டி இல்லாமலும் நடக்கலாம். கீழே உள்ள பாதை அதற்கும் பொருந்தும்.

5. நுழைவுச்சீட்டு

இரண்டு சீட்டு போதும். முதலாவது யோசெபோவின் கூட்டுச்சீட்டு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: பின்காஸ், மைசல், ஸ்பானிய சினகாக்குகளும் பழைய கல்லறையும் யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவை, கோலெம் கதையின் மையமான பழைய-புதிய சினகாக் யூதச் சமூகத்தின் தனி நிர்வாகம். அருங்காட்சியகச் சீட்டை மட்டும் வாங்கினால் அங்கே மறுபடி வரிசையில் நின்று தனியாகப் பணம் கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 600 கொருனா அளவில் ஒதுக்கி, வாங்கும் நாளில் தளத்தில் விலையைச் சரிபாருங்கள். இரண்டாவது, கோட்டையின் அடிப்படைச் சுற்றுச் சீட்டு, 450 கொருனா அளவில். பேராலயமும் பொன் சந்தும் அதில் அடங்கும். ஒரு கொருனாவுக்கு நான்கு ரூபாய் என்று போட்டுக்கொண்டால் கணக்கு எளிது.

6. பாதை

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெர்நாத் வாழ்ந்த ஹான்பாஸ்காஸே தெருவைத் தேடி அலையாதீர்கள். 1893-இல் சட்டம் போட்டு, அடுத்த இருபது ஆண்டுகளில் யூதப் பகுதியின் பெரும்பாலான வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஆறு சினகாக்குகளும் கல்லறையும் யூத நகர மன்றமும்தான் மிஞ்சின. பளபளக்கும் கடைகள் நிறைந்த பார்ழிஷ்ஸ்கா தெரு அந்த இடிபாட்டின் மேல்தான் ஓடுகிறது. மைரிங்க் எழுதி முடித்தபோதே அவர் எழுதிய இடம் இல்லாமல் போயிருந்தது. இது தெரிந்து நடந்தால் ஏமாற்றம் இராது.

மரியான்ஸ்கே சதுக்கம் (8:30). மெட்ரோ ஏ தடத்தில் ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. புதிய நகர மன்றத்தின் ஒரு மூலையில் ராபி லோவ் சிலை. காலருகே ஓர் இளம்பெண். சாவு அவரை நெருங்க முடியாமல் கடைசியில் ஒரு ரோஜாவுக்குள் ஒளிந்து வந்ததாம். மறுமூலையில் இரும்பு வீரன்: பொறாமையில் காதலியைக் கொன்று உறைந்துபோனவன், நூறாண்டுக்கு ஒருமுறைதான் விமோசனத்துக்கு வாய்ப்பு. இரண்டையும் செதுக்கியவர் லாடிஸ்லாவ் ஷாலோன். இவற்றுக்குச் சீட்டு வேண்டாம் என்பதால் அருங்காட்சியகம் திறக்கும் முன் முடித்துவிடலாம்.

பின்காஸ் சினகாக், பழைய கல்லறை (9:00). ஷிரோக்கா தெரு வாசலில் திறக்கும் நேரத்துக்கே நில்லுங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் வந்து குறுகிய பாதையை அடைத்துவிடும். ஆண்கள் தலையை மூட வேண்டும். காகிதத் தொப்பி தருவார்கள், உங்கள் தொப்பி இருந்தாலும் சரி. பின்காஸின் சுவர்களில் நாஜிகள் கொன்ற ஏறத்தாழ 78,000 போஹேமிய, மொராவிய யூதர்களின் பெயர்கள் எழுதியிருக்கின்றன. இங்கே கோலெம் பேச்சை நிறுத்தும் வழிகாட்டிதான் தொழில் தெரிந்தவர்.

கல்லறையில் சுமார் 12,000 நடுகற்கள். மிகப் பழையது 1439-ஐச் சேர்ந்தது, 1787-உடன் அடக்கம் நின்றது. இடமில்லாமல் மேலே மேலே மண் கொட்டிப் புதைத்ததால்தான் கற்கள் இப்படி நெருக்கியடித்துச் சாய்ந்து நிற்கின்றன. ராபி லோவின் சமாதியில் சிங்கம் செதுக்கியிருக்கும். மேலே கூழாங்கற்களும் வேண்டுதல் சீட்டுகளும் கிடக்கும். நீங்களும் ஒரு கல் வைக்கலாம். அங்கிருப்பதை எடுக்கக் கூடாது. பாதை ஒருவழி, திரும்பி வந்து பார்க்கலாம் என்று எதையும் தள்ளிவைக்காதீர்கள்.

பழைய-புதிய சினகாக், யூத நகர மன்றம் (10:30). மன்றத்தின் கீழ்க் கடிகாரத்தில் எபிரேய எழுத்துகள்; முள் நமக்கு எதிர்த்திசையில் சுற்றும். உள்ளே அனுமதி இல்லை. நாவலில் ஹில்லேல் இந்த மன்றத்தின் ஆவணக் காப்பாளர். பக்கத்தில் 1270 வாக்கில் கட்டிய சினகாக். கோலெமின் களிமண் இதன் பரணில் கிடப்பதாக ஐதீகம். பரணுக்கு யாரையும் விடுவதில்லை, கேட்டு வாதாட வேண்டாம். வெளியே வந்து பார்ழிஷ்ஸ்கா பக்கத்துச் சுவரை அண்ணாந்து பாருங்கள்: பரண் கதவுக்கு ஏறும் இரும்புக் கம்பிப் படிகள் தெரியும். தரையிலிருந்து எட்டாத உயரத்தில்தான் தொடங்கும். உள்ளே போய்விட்டு இதைப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் ஏராளம்.

ஸ்பானிய சினகாக் (11:30). கட்டடம் 1868-ஐச் சேர்ந்தது. ஆனால் இந்த மனையில்தான் அதற்கு முன் ‘பழைய பள்ளி’ என்ற சினகாக் நின்றது. கதவில்லாத அறை உள்ள வீட்டை நாவல் வைப்பது ஆல்ட்ஷூல்காஸே, அதாவது பழைய பள்ளித் தெருவில். நாவலின் வரைபடத்தை இன்றைய தரையோடு ஓரளவு பொருத்த முடிகிற அபூர்வமான இடம் இது; வழிகாட்டிகள் பலர் பக்கத்திலிருக்கும் எழுத்தாளர் காஃப்கா சிலையோடு படமெடுத்துக் கிளம்பிவிடுகிறார்கள். ‘ஆவி’ அத்தியாயத்தை இங்கே உட்கார்ந்து படியுங்கள்.

கோட்டை (மதியத்துக்குப் பின்). மானெஸ் பாலத்தைக் கடந்தால் மாலோஸ்ட்ரான்ஸ்கா. அங்கிருந்து பழைய கோட்டைப் படிகளில் ஏறலாம். நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். முட்டி வலிக்காரர்கள் 22-ஆம் எண் டிராமில் ‘பிராஷ்ஸ்கி ஹ்ராட்’ நிறுத்தம் வரை போங்கள். வாசலில் பையைச் சோதிப்பார்கள். பெரிய பையை விடுதியில் வைத்துவிட்டு வாருங்கள்.

பேராலயம் தொப்பி மாறிய இடம். நாவலின் முடிச்சே அதுதான். பிறகு பொன் சந்து. ரசவாதிகள் இங்கே தங்கம் காய்ச்சினார்கள் என்பது கதை. குடியிருந்தவர்கள் கோட்டைக் காவல் வீரர்கள். 22-ஆம் எண் வீட்டில் 1916–17 குளிரில் காஃப்கா உட்கார்ந்து எழுதியது உண்மை. மைரிங்க் இந்தப் பக்கத்தில்தான் ‘கடைசி விளக்கின் மதில்’ என்ற வீட்டை வைக்கிறார்: மூடுபனியில் மட்டும், அதுவும் சிலர் கண்ணுக்கு மட்டும் தெரியும் வெள்ளை வீடு. பகலில் போனால் ஒரு பெரிய சாம்பல் நிறக் கல், அதற்கப்பால் மான் பள்ளத்தின் செங்குத்துச் சரிவு. அப்படியொரு வீட்டு எண் எங்கும் கிடையாது. யாராவது ஒரு கதவைக் காட்டி ‘இதுதான்’ என்றால் அது அவருடைய சொந்தச் சரக்கு.

காட்சிக்கூடங்கள் மூடிய பிறகு சந்தில் சீட்டில்லாமல் நடக்கும் வழக்கம் உண்டு, வாசலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வீடுகளுக்குள் பார்க்க முடியாது, ஆனால் பகல் கூட்டமும் இருக்காது. கோட்டை வளாகம் இரவு 10 மணி வரை திறந்திருக்கும். காலைக் கூட்டத்தில் முட்டிமோதிப் பார்ப்பதைவிட இருட்டிய பின் ஒருமுறை போவது இந்த நாவலுக்குப் பொருத்தம்.

சார்லஸ் பாலமும் வானியல் கடிகாரமும் நாவல் பாதைக்கு வெளியே. நேரமிருந்தால் சேருங்கள். கடிகாரப் பொம்மைகள் காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கொருமுறை வரும். அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தில்தான் பணப்பை பறிபோகும்.

7. பணம், வண்டி, செருப்பு

செக் நாட்டில் நாணயம் கொருனா. யூரோ வாங்கும் கடைகள் தங்களுக்குச் சாதகமான விகிதத்தில்தான் கணக்குப் போடும். ஏ.டி.எம். திரை ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். நாணயமாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டால், 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது. ரசீது கையில் இருக்க வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து 59-ஆம் எண் டிராலி பஸ் ஏறி நாட்ராஷி வெலெஸ்லாவீனில் மெட்ரோ ஏ தடத்துக்கு மாறினால் நேரே ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா. காகிதச் சீட்டை முதல் வண்டியில் ஏறும்போது (மெட்ரோவில் கீழே இறங்கும் முன்) இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். அபராதம் ஆயிரம் கொருனாவுக்குக் குறையாது, சுற்றுலாப் பயணி என்ற சலுகை கிடையாது.

தெருக்கள் முழுக்க உருளைக்கல் பாவியவை. மழையிலும் பனியிலும் வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ இருந்தால் படிகளையும் கல்லறையையும் பற்றி வழிகாட்டியிடம் முன்பே பேசுங்கள்.

கூடுதலாக அரை நாள் இருந்தால், இடிபடும் முன் யூதப் பகுதி எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் பார்க்கவும் வழியுண்டு. அன்டோனின் லாங்வைல் என்பவர் 1826 முதல் 1837 வரை அட்டையில் செய்த பிராக் நகர மாதிரி, ஃப்ளோரென்ஸ் மெட்ரோ அருகிலுள்ள நகர அருங்காட்சியகத்தின் உடைமை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், 480-இல் ஒரு பங்கு அளவில். அங்கே மாதிரி காட்சியில் இருக்கிறதா என்று தளத்தில் பார்த்துவிட்டு, முடிந்தால் நடைக்கு முதல் நாளே போய் வாருங்கள்.